பத்துப் பொருத்தமும் பார்க்கும் தம்பி

மங்கலம்பேட்டையில் ஜாதகப் பொருத்தம் பார்க்கிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. இப்போது புதிதாக ஒரு வகையினர் முளைத்திருக்கிறார்கள். ஜப்பான்காரன் வரைந்த கதைகளுக்குப் பொருத்தம் பார்க்கிறவர்கள். திரையில் ஓடுவது அனிமே, புத்தகத்தில் இருப்பது மாங்கா. தெரியாத்தனமாக இரண்டையும் ‘பொம்மைப் படம்’ என்று சொல்லிவிட்டீர்களானால் அன்றைய மாலை உங்கள் கையில் இல்லை.

நம் தம்பிக்கு வயது இருபதைச் சுற்றி இருக்கும். கறுப்பு டீ-ஷர்ட், விரிசல் விட்ட செல்போன், விருத்தாசலம் கல்லூரிக்கு பஸ் பாஸ். எந்தக் கதையும் தனிக்கட்டையாக இருப்பது அவருக்குப் பொறுக்காது. “டெத் நோட் பார்த்தேன் தம்பி” என்று நீங்கள் வாயைத் திறந்தால் போதும், பிடித்ததா பிடிக்கவில்லையா என்றெல்லாம் கேட்கமாட்டார். “அப்போ நீங்க மான்ஸ்டர் பாக்கணும்ணா” என்பார். முன்னது 37 பகுதி, பின்னது 74 பகுதி. சரியாக இரண்டு மடங்கு! பெண் வீட்டை விட மாப்பிள்ளை வீடு பெரிதாக இருக்கவேண்டும் என்பது அவருடைய சாஸ்திரம் போலிருக்கிறது. “ரெண்டுமே மேட்ஹவுஸ் ஸ்டூடியோ எடுத்ததுண்ணா” என்று கோத்திரமும் சொல்வார்.

ஒருநாள் டீக்கடையில் இந்த டெத் நோட் கதை ஓடிக்கொண்டிருந்தது. நோட்டில் யார் பெயரை எழுதினாலும் அவர் செத்துப்போவார் என்று தம்பி விளக்க, பெஞ்சில் இருந்த பெரியவர் காது கொடுத்தார்.

“இதென்னப்பா அதிசயம்? மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டறோமே, அந்த மாதிரியா?”

தம்பி கண்கள் விரிந்தன. இப்படி ஒரு சம்பந்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை அவர் யோசித்ததே இல்லை. ஆனாலும் தொழில் தர்மத்தை விடவில்லை. “ஒரு வித்தியாசம் தாத்தா. அந்த நோட்டுல எழுதுனா எழுதுனதுதான், அழிக்க முடியாது.”

“அப்ப எங்க சாமியே தேவலை. சமாதானம் ஆயிட்டா பிராதைத் திரும்ப வாங்கிக்கலாம்.”

இந்த இனத்தில் அரைகுறைகளும் உண்டு. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கு வந்தது. அதற்குப் பிறகு இவர்கள் கொஞ்சம் அதிகமாகவே பெருகிவிட்டார்கள். இங்கேயும் கத்தி, அங்கேயும் கத்தி, ஆகவே ஜோடி என்பார்கள். நாயகனுக்கு முடி வெள்ளையாக இருந்தால் அதற்கொரு ஜோடி. மூக்கும் முழியும் பார்த்துச் செய்த கல்யாணம் எத்தனை நாள் ஓடும்?

நம் தம்பி அப்படியல்ல, ரஜ்ஜு வரை பார்ப்பவர். அவருடைய சிறந்த ஜோடி இது: ‘வின்லாண்ட் சாகா’ அனிமேயின் இரண்டாம் பருவத்தைப் பாருங்கள், கூடவே தகேஹிகோ இனோவேயின் ‘வாகபாண்ட்’ மாங்காவைப் படியுங்கள். ஒன்றில் ஐரோப்பாவின் கடல் கொள்ளைக்காரன், மற்றதில் ஜப்பானின் வாள்வீரன் முசாஷி. ஊரும் வேறு, காலமும் வேறு. முன்னவன் கொலையும் பழியுமாகத் திரிந்து, அடிமையாக விற்கப்பட்டு, ஒரு பண்ணையில் காடு திருத்திக் கோதுமை விதைக்கிறான். பின்னவன் வாளோடு அலைந்து, ஒரு பஞ்சக் கிராமத்தில் விளையாத மண்ணோடு மல்லுக்கட்டுகிறான். ஆளை வெட்டத் தெரிந்த கைக்குப் பயிர் வளர்க்கத் தெரியுமா என்ற ஒரே கேள்விதான் இரண்டிலும். இப்படிப் பொருத்துவதற்கு உண்மையிலேயே படித்திருக்க வேண்டும்.

இந்த விஷயத்தைத் தம்பி வீட்டிலும் சொல்லியிருக்கிறார். கொல்லையிலிருந்து மண்வெட்டியோடு வந்த அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அவ்ளோ பெரிய வீரனே கடைசியில வெவசாயத்துக்கு வந்துட்டான்றே?”

“ஆமாம்பா!”

“நீ எப்படா வருவ? வேர்க்கடலைக்குக் களை வெட்டணும்.”

தம்பியின் வாயை அடைக்கலாமென்று நானும் ஒரு சவால் விட்டேன். “நம்ம விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போனது. பீங்கானுக்கு ஜோடி சொல்லு பார்ப்போம்.”

ஒரு மிடறு டீ குடிக்கும் நேரம்தான் எடுத்துக்கொண்டார். “அனிமேல ‘யாகுனாரா மக் கப் மோ’, 2021. மாங்கால ‘ஹ்யோகெ மோனோ’.” முதலாவது, தாஜிமி என்கிற பீங்கான் ஊரில் பள்ளிக்கூடப் பெண்கள் சிலர் மண் பிசைந்து கோப்பை செய்யப் பழகும் கதை. இரண்டாவதன் நாயகன் ஃபுருதா ஒரிபே, நாலு நூற்றாண்டுக்கு முந்தைய போர்வீரன். சண்டைக்குப் போன இடத்தில் எதிரியை விட்டுவிட்டு எதிரியின் தேநீர்ப் பாத்திரத்தைப் பார்த்துச் சொக்கிப்போகிற ஆசாமி. கோணல்மாணலான கிண்ணத்தை அழகென்று கொண்டாடியவன். அவன் பெயரால் வழங்கும் ஒரிபே பீங்கான் உருவானது அந்த தாஜிமி வட்டாரத்தில்தான். அதாவது பெண்ணும் மாப்பிள்ளையும் சொந்த ஊர்க்காரர்கள்! நான் வாயை மூடிக்கொண்டேன்.

தாஜிமிச் சூளையின் சூடு, மெருகுப் பூச்சின் பச்சை நிறம் என்று தம்பி அதற்குப் பிறகும் நெடுநேரம் பேசினார். விருத்தாசலத்துக்குத் தினமும் போய் வருகிற இவர் அங்கிருக்கும் பீங்கான் தொழிற்பேட்டைக்குள் ஒருமுறைகூட எட்டிப் பார்த்ததில்லை. டீ குடித்ததும் காகிதக் கப்பில்.

ஆனாலும் சொல்கிறேன், இவர் நீட்டும் வின்லாண்ட்–வாகபாண்ட் ஜோடியைத் தட்டாதீர்கள். நல்ல இடம். ‘வாகபாண்ட்’ 37 தொகுதிகளோடு 2015 முதல் அப்படியே நிற்கிறது. கதை எப்போது முடியும் என்று மட்டும் தம்பியிடம் கேட்டுவிடாதீர்கள். பிள்ளை அழுதுவிடும்.