நடுப்படிக்காரரின் கோபம்

கோபக்காரரைப் பார்த்துச் சிரிப்பது ஆபத்தான காரியம். டிக்கெட் வாங்கிக்கொண்டு சிரித்தால் மட்டும் பாதகமில்லை. பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த வசதியை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் செய்துகொடுத்தவர் நகைச்சுவை நடிகர் லூயி த ஃபுனேஸ். 1966 டிசம்பரில் வெளிவந்த ‘லா கிராந்த் வத்ரூய்’ படத்துக்கு பிரான்ஸில் மட்டும் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. இன்னொரு பிரெஞ்சுப் படம் அதை முந்த 2008 வரை ஆயிற்று. ஆள் 164 செ.மீ. உயரம், வழுக்கை, எடுப்பான மூக்கு. எந்தக் கதாநாயகியும் கனவில் காண விரும்பாத உருவம். ‘மூஞ்சியைக் கோணுகிறார், ஜனங்கள் சிரிக்கிறார்கள்’ என்று விமர்சகர்கள் பலர் ஒரே வரியில் கணக்கை முடித்துவிட்டார்கள். என் கட்சி வேறு. மூஞ்சி வெறும் கருவி. சிரிப்பு வருவது அவர் நிற்கும் இடத்திலிருந்து. அதிகார ஏணியின் நடுப்படியில் நிற்கிற மனிதனின் கோபம் அவருடையது. அண்ணாந்தால் கும்பிடு, குனிந்தால் குட்டு.

1964இல் தொடங்கி 1982 வரை ஆறு படங்களாக ஓடிய ‘ஜான்தார்ம்’ வரிசையையே எடுத்துக்கொள்வோம். சான் த்ரோபே என்ற கடலோர ஊரில் க்ருஷோ ஒரு போலீஸ்காரர். கீழே நாலைந்து காவலர்கள், மேலே மிஷெல் கலப்ரூ நடித்த தடித்த அதிகாரி ஜெர்பேர். காவலர்களைக் கடித்துக் குதறிக்கொண்டிருக்கும் வாய், ஜெர்பேர் உள்ளே வந்த அரை நொடியில் தேனாக ஒழுகும். அவர் முதுகைத் திருப்பினால் மறுபடி விஷம். கோபம் மட்டும் இருந்தால் அது வில்லன் வேஷம். குழைவு மட்டும் இருந்தால் எடுபிடி வேஷம். இரண்டுக்கும் இடையிலான அந்த அரை நொடிதான் த ஃபுனேஸ். இளமையில் பாரிஸ் மதுக்கடைகளில் ஜாஸ் பியானோ வாசித்துப் பிழைத்தவர் என்பதால் அரை நொடியின் விலை அவருக்குத் தெரிந்திருந்தது.

ஐம்பது வயதுவரை அவர் ஏன் பெரிய நட்சத்திரமாகவில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது என்பேன். 1914இல் பாரிஸை ஒட்டிய கூர்ப்வாவில், ஸ்பெயினிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். 1940களின் நடுவில் படங்களில் தலைகாட்டத் தொடங்கி, வாயில்காப்போன் மாதிரியான துண்டு வேடங்களிலேயே பல வருஷம் ஓட்டினார். 1956இல் ‘லா த்ராவெர்ஸே த பாரி’யில் கள்ளச்சந்தை மளிகைக்காரராக வந்து, ழான் கபேன் போட்ட கூச்சலுக்கு நடுங்கினார். அதிர்ஷ்டம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனால் இருபத்தைந்து வயதுப் பையன் கத்தினால் உலகம் அதை வாலிபம் என்று மன்னித்துவிடும். நடுப்படியில் நின்று கத்துவதற்கு வயசும் வழுக்கையும் வேண்டும். அந்த வருஷங்களில் அவர் ஏணியைக் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே நிற்பவர்கள் எப்படியெல்லாம் கத்துவார்கள் என்று படிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

மூஞ்சிக் கட்சிக்காரர்களின் பலமான சாட்சி 1967இல் வந்த ‘ஆஸ்கார்’. மேடையில் நூற்றுக்கணக்கான முறை நடித்துவிட்டுப் படமாக்கியது. அதில் தன் மூக்கைப் பிடித்து ரப்பராக இழுப்பதுபோல ஒரு கட்டம். வெறும் சேஷ்டைதானே? இல்லை. அவர் ஒரு தொழிலதிபர். சம்பள உயர்வு கேட்டு வந்த ஊழியன் கம்பெனிப் பணத்தைத் தான் சுருட்டியதை நிதானமாகச் சொல்கிறான். மகள் விவகாரம் வேறு. உத்தரவு போட்டுப் பழகிய மனிதருக்கு உத்தரவு போட ஆளில்லாமல் போகிறது; கடைசியில் சொன்னபடி கேட்பது சொந்த மூக்கு ஒன்றுதான். கதையிலிருந்து மூக்கை மட்டும் வெட்டிக் காட்டினால் சிரிப்பு ஒரு நிமிஷத்தில் வற்றிவிடும்.

புர்வில் என்ற அப்பாவி முகத்துக்காரர் ஜோடி சேர்ந்ததால்தான் படங்கள் ஓடின என்பது இன்னொரு வாதம். பாதி ஒப்புக்கொள்கிறேன், அதுவும் என் கட்சிக்கு லாபம் என்பதால். ‘வத்ரூய்’ நடப்பது ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்ஸில். த ஃபுனேஸ் ஆபரா இசைக்குழுவை அதட்டும் நடத்துநர், புர்வில் வீட்டுக்கு வர்ணமடிப்பவர். இருவரும் உயிருக்கு ஓடுகிறார்கள். மேலே ஒரு ராணுவமே துரத்துகிறது. அப்போதும் கனவானுக்குக் கீழ்ப்படி ஒன்று தேவைப்படுகிறது. வர்ணக்காரரின் காலணியைத் தன் காலுக்கு மாற்றிக்கொள்கிறார், அவர் தோளிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். ஏணி இல்லாத காட்டிலும் ஏணி கட்டிக்கொள்ளும் சாமர்த்தியம்!

அப்படியானால் நாம் சிரிப்பது அடாவடிக்காரனோடு சேர்ந்துகொண்டுதானே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 1973இல் வந்த ‘ரப்பி ழாகோப்’ இதற்குப் பதில். தொழிற்சாலை முதலாளி பிவேருக்கு யூதர்களைப் பிடிக்காது. தன் டிரைவரே யூதர் என்று தெரிந்ததும் முகத்தில் பூகம்பம். நடுப்படி அல்ல, உச்சிப்படி மனிதர். அவரைக் கீழே இழுத்துப்போடுவதுதான் படத்தின் முழுநேர வேலை. சூயிங்கம் தொட்டியில் முக்கியெடுத்து, கொலைகாரர்களிடமிருந்து தப்பப் பொய்த்தாடி ஒட்டி, யூத மதகுருவாக வேஷம் போட்டு, தெருவில் ஆடவும் வைத்துவிடுகிறது. கத்துபவனுக்கு அவர் படங்களில் தண்டனை தப்புவதே இல்லை. நாம் கட்டணம் கட்டியது அதைப் பார்க்கத்தான்.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை ‘லாவார்’. 1975இல் மாரடைப்பு வந்து, இன்ஷூரன்ஸ்காரர்கள் அவர் பேரைக் கேட்டாலே தயங்கிய காலத்துக்குப் பிறகு, 1980இல் மொலியேரின் கஞ்சன் நாடகத்தை ழான் ழிரோவுடன் சேர்ந்து தாமே இயக்கி நடித்தார். நெடுநாள் ஆசை. முகம் அதே முகம், கோபமும் அதே கோபம். வசூலோ பழைய வெற்றிகளின் பக்கத்தில்கூட வரவில்லை. உடம்பு தளர்ந்தது காரணம் என்பார்கள். மொலியேர் பள்ளிக்கூட வாடை அடித்தார் என்பார்கள். எனக்குப் படுவது இது: கஞ்சன் அர்ப்பகோன் தன் வீட்டுக்குத் தானே ராஜா. அவன் கும்பிட வேண்டிய ஒரே மேலதிகாரி அவனுடைய பணப்பெட்டி; அது ஜெர்பேர் மாதிரி திடுமென்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே வராது.