அச்சுப் பித்தர்

வடக்குக் கலிபோர்னியா, யூட்டா, கொலராடோ பக்கத்துப் புறநகர்த் தெருக்களில் இவர் வீட்டைக் கண்டுபிடிக்க விலாசம் தேவையில்லை. எந்த வாசலில் ஒரு ஜீப் சக்கரமில்லாமல் ஸ்டாண்டு மேல் நிற்கிறதோ, எந்த வீட்டுக் கராஜில் கார் தவிர மற்ற எல்லாம் இருக்கிறதோ, அதுதான். புல்தரையில் தார்ப்பாய் போர்த்தி நீளமாக ஏதோ கிடக்கும். பயப்பட வேண்டாம், போலீஸ் பார்த்துவிட்டுப் போயாயிற்று. அது ஒரு ஃபோர்டு வண்டியின் பின் ஆக்ஸில்.

நீங்கள் புதிதாகக் கார் வாங்கியிருந்தால் இவரிடம் காட்டிப் பாருங்கள். நிறம், சீட்டு, ஸ்டீரியோ எதையும் பார்க்க மாட்டார். நேரே பின்பக்கம் போய், முழங்காலை ஊன்றி, தலையைச் சாய்த்து வண்டியின் அடிவயிற்றைப் பார்ப்பார். டிஃப்ரன்ஷியல் மூடியின் வடிவத்தையும் அதில் எத்தனை போல்ட் என்பதையும் வைத்தே அது எந்த ஆக்ஸில் என்று சொல்லிவிடுவார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "பரவாயில்லை" என்பார். அதற்குப் பொருள், பரவாயில்லை என்பது அல்ல.

பிறவியிலேயே இப்படி இல்லை மனிதர். 1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ராங்லர்களில் ஒன்றை, குடும்பத்தோடு மலைக்குப் போய்வர என்று சொல்லித்தான் செகண்ட் ஹாண்டில் வாங்கினார். கெடுத்தது டயர். 31 அங்குலம் போட்டார், அழகாக இருந்தது. 33 போட்டார், அதைவிட அழகு. 35 போட்டதும் வண்டி மேடேற மூச்சு வாங்கியது. டிஃப்ரன்ஷியலின் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்று, சரியாகிவிடும் என்றார்கள். 3.07 விகிதத்தைக் கழற்றிவிட்டு 4.56 போட்டார். பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், சாதாரண டிஃப்ரன்ஷியல் அந்தச் சக்கரத்தை வெறுமனே சுற்றவிட்டுத் தரையில் இருக்கும் சக்கரத்தைச் சும்மா வைத்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பூட்ட லாக்கர் போட்டார். இதுவரை ஒவ்வொன்றும் நியாயம். அத்தனை நியாயமும் சேர்ந்து போய் விழுந்தது, அந்த வண்டிகள் பலவற்றில் கம்பெனியே பின்னால் வைத்து அனுப்பிய டானா 35 என்ற நோஞ்சான் ஆக்ஸில் மேல்.

விழுந்த இடம் ரூபிகான் தடம். சியரா நெவாடா மலையில், டாஹோ ஏரிக்கு மேற்கே, குளிர்சாதனப் பெட்டி அளவுப் பாறைகள் நிறைந்த பாதை. 1953இல் ஜார்ஜ்டவுனிலிருந்து முதல் ஜீப் ஜம்போரீ புறப்பட்ட நாளிலிருந்து இப்படிப்பட்டவர்களுக்குக் காசியும் ராமேஸ்வரமும் அதுவே. முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்நிலை, டிஃப்ரன்ஷியல் என்று மூன்றையும் கடந்து வரும்போது எஞ்சினின் முறுக்கு விசை முப்பது, நாற்பது மடங்காகிவிடும். சக்கரம் இரண்டு பாறைக்கு நடுவே சிக்கியிருந்தது. காலை எடுத்துவிட்டு யோசித்திருக்கலாம். அழுத்தினார். டக்.

அந்த ஆக்ஸிலில் ஷாஃப்டை உள்ளே பிடித்து நிறுத்துவது ஒரு சிறிய C வடிவக் கிளிப். ஷாஃப்ட் நடுவில் முறிந்தால் வெளித்துண்டைப் பிடிக்க யாருமில்லை. முறிந்த துண்டைக் கையில் பிடித்தபடியே சக்கரம் வெளிநடப்பு செய்யும். இவருடையதும் செய்தது. அன்று முகத்தில் துக்கம் தெரிந்ததாகச் சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. முறிந்த அந்தத் துண்டு இன்றும் கராஜ் அலமாரியில், பிள்ளைகளின் பரிசுக் கோப்பைகளுக்கு மேல்தட்டில் இருக்கிறது.

திருக்குறளில் வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகை அளவுக்கு மீறி ஏற்றியதால் அச்சு முறிந்த வண்டி ஒன்று வருகிறது அல்லவா? இதைத் தமிழ் நண்பர் ஒருவர் இப்படிப்பட்டவரிடம் விளக்கிச் சொல்லியிருக்கிறார். மிகக் கவனமாகக் கேட்டுவிட்டு அவர் விசாரித்தது ஒன்றுதான்: "டானா 35ஆ?"

டானா என்பது ஒரு மனிதரின் பெயர். கிளாரன்ஸ் ஸ்பைசர் என்ற பொறியாளர் யுனிவர்சல் ஜாயிண்ட் செய்து 1904இல் ஒரு கம்பெனி தொடங்கினார். பத்து வருஷம் கழித்துப் பணத்தோடு உள்ளே வந்த வக்கீல் சார்லஸ் டானா. 1946இல் கம்பெனிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். எந்த வக்கீலின் பெயரையும் உலகம் இவ்வளவு பயபக்தியோடு உச்சரித்ததில்லை. 30, 35, 44, 60 என்று எண் ஏற ஏற இவர் குரல் இறங்கும். அறுபதைச் சொல்லும்போது ஏறக்குறைய ரகசியம்.

"2003 மாடலில் ரூபிகான் என்ற பெயரிலேயே கம்பெனி ஒரு ராங்லர் விட்டதே, முன்னும் பின்னும் டானா 44, இரண்டிலும் லாக்கர், அதை வாங்கியிருக்கலாமே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பேச்சு நின்றுவிடும். சிறிது நேரம் ஸ்பானரைத் துடைத்துவிட்டு, "வாங்கலாம். யார் வேண்டுமானாலும் வாங்கலாம்" என்பார்.

இவர் போனது காயலான் கடைக்கு. அமெரிக்கக் காயலான் கடை ஏக்கர் கணக்கில் விரிந்தது. நுழைவுக் கட்டணம் கொடுத்துவிட்டு, சொந்த ஸ்பானரோடு உள்ளே போய் வேண்டியதைக் கழற்றிக்கொள்ளலாம். தேடியது ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்ஸில். ஏழைகளின் டானா 44. 1995 முதல் டிஸ்க் பிரேக்கோடு வந்தது; ஜீப் சக்கரத்தின் ஐந்து போல்ட்டும் அப்படியே பொருந்தும். அப்படியே பொருந்துவது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் அறுத்து, வெல்டு வைத்து, மறுபடி அறுத்துச் சேர்க்க வேண்டும். ஒரு வார இறுதியில் முடியும் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். எந்த வாரம் என்று சொல்லவில்லை.

இவரை உண்மையான பரவசத்தில் பார்க்க வேண்டுமானால் கிரவுன் பினியன் பொருத்தும் இரவில் போக வேண்டும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விடும் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறிலிருந்து பத்துக்குள் நிற்க வேண்டும். காகிதம்போல மெல்லிய ஷிம்களை ஒன்று சேர்த்து, ஒன்று எடுத்து, கிரவுன் பல்லில் மஞ்சள் சாயம் தடவிச் சுற்றுவார். பினியன் பதிந்த தடத்தைப் பார்ப்பதற்கென்று ஒரு விளக்கு, ஒரு கண்ணாடி. அந்தத் தடத்தை அவர் ஜாதகம் பார்க்கிற மாதிரிப் பார்ப்பார்: பல்லின் அடியில் இருக்கிறது, ஆகாது, ஓரத்தில் ஒதுங்குகிறது, கொஞ்ச நாளில் சத்தம் வரும். கழற்று. மறுபடி ஷிம், மறுபடி சாயம். பக்கத்தில் நின்றால் வாயைத் திறக்காமல் விளக்கைப் பிடிக்க வேண்டும். கியர் ஆயிலின் கந்தக நாற்றம் சட்டையில் ஒரு வாரம் நிற்கும். அவருக்கு அது நாற்றமாகத் தெரிவதில்லை.

பின்பக்கம் பலமாயிற்றா, அடுத்த பயணத்தில் முன்பக்கம் போயிற்று. முன் ஆக்ஸிலான டானா 30இன் யுனிவர்சல் ஜாயிண்ட் உடைந்து, ஸ்டீயரிங் ஒடித்த பக்கமே நின்றது. இதுதான் எல்லோரும் சொல்லி எச்சரித்தது; அதற்காகவே அவர் காத்திருந்ததும். இனி அரைகுறை வேலை கிடையாது. ஒரு டன் பிக்கப்பின் ஆக்ஸில்கள்: முன்னால் டானா 60, பின்னால் ஜெனரல் மோட்டார்ஸின் 14 போல்ட், அதன் கிரவுன் மட்டும் 10.5 அங்குலம். சக்கரத்துக்கு எட்டு போல்ட். ஆகவே புது ரிம். புது ரிம்முக்கு 40 அங்குல டயர். பிரேக் போதவில்லை, அதை மாற்று. ஸ்டீயரிங் திரும்பவில்லை, ஹைட்ராலிக் வை. டிரைவ் ஷாஃப்ட் நீளம் சரியில்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. பாறையில் அடி தட்டக்கூடாதென்றுதானே பெரிய டயர்? பெரிய டயரைத் தாங்கத்தானே பெரிய ஆக்ஸில்? அந்தப் பெரிய ஆக்ஸிலின் குண்டு வயிறு இப்போது பாறையில் தட்டுகிறது. ஆகவே அதன் அடிப்பாகத்தைச் சீவி எறிந்துவிட்டுத் தகடு வைத்து அடைக்கிறார்கள். கொழுத்ததை வாங்கி இளைக்க வைப்பதற்குத் தனியாகச் செலவு.

காட்டில் எவ்வளவு நேரம் ஓட்டுகிறார் என்று கேட்காதீர்கள். தடத்தில் யாருக்காவது ஏதாவது முறிந்தால்தான் அன்றைய நாள் களை கட்டும். முன்னால் போனவர், பின்னால் வந்தவர், எல்லோரும் இறங்கி ஓடி வருவார்கள். ஒருவர் மாற்று ஷாஃப்ட் வைத்திருப்பார். இன்னொருவர் இரண்டு மூன்று கார் பேட்டரியைக் கோத்து நடுக்காட்டில் வெல்டு வைப்பார். ஒன்றும் முறியாத நாளில் சாயங்காலம் எல்லோரும் சீக்கிரமே கிளம்பிவிடுவார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு வண்டி நெடுஞ்சாலையில் ஓட லாயக்கில்லாமல் போயிற்று. டிரெய்லரில் ஏற்றித்தான் மலைக்குக் கொண்டுபோக வேண்டும். டிரெய்லர் வந்தது. அதை இழுக்க ஒரு டன் பிக்கப் வேண்டும். ஆக்ஸிலுக்காக ஒன்றை வாங்கி, கழற்றிக்கொண்டு, மிச்சத்தை இரும்பு விலைக்குத் தள்ளியவர், அதே ஜாதி வண்டியைத் தேடிக் கடைக்குப் போனார். இந்தமுறை மனைவியும் கூடப் போனார். 2005க்குப் பிந்திய ஃபோர்டு எஃப்-350 ஒன்று நின்றது. விற்பனையாளர் சீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே இவர் வண்டிக்கு அடியில் பாதி போய்விட்டார். முன்னால் டானா 60, நல்ல நிலையில்.

"இதைக் கழற்ற மாட்டேன் என்று இங்கேயே எழுதிக் கொடுத்தால்தான் நான் கையெழுத்துப் போடுவேன்" என்றார் மனைவி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்து.

அடியிலிருந்து குரல் வந்தது: "எதை? முன்னதையா, பின்னதையா?"