ஒரு பட்டை திருப்பினால் போதும்

ஊட்டியில் ஜனவரி மாத விடியற்காலை. புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது. குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக ஒருவர் பழைய அம்பாசிடரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றால், ஒதுங்கிப் போய்விடுங்கள். குட் மார்னிங் என்று சொல்லிவிட்டால் பாடம் ஆரம்பமாகிவிடும்.

"பெட்ரோல் திரவமா இருந்தா எரியாது சார். ஆவியாகணும். ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காத்து, அதான் கணக்கு. குளிர்ல என்ன ஆகுது? பெட்ரோல் மேனிஃபோல்டு சுவத்துலயே ஈரமா ஒட்டிக்குது. அதான் சோக்கை இழுத்து அதிகமாக் குடுக்கறோம்." நீங்கள் தலையாட்டினால் மாணவர், கடிகாரம் பார்த்தால் விரோதி.

விரோதிகளின் பட்டியலில் மாப்பிள்ளைக்கு முதலிடம். தலைதீபாவளிக்கு வந்தவர், சாவியைத் திருப்புமுன் ஆக்சிலரேட்டரை நாலு முறை மிதித்துவிட்டார். இந்த அம்பாசிடரில் இருப்பது எஸ்.யு. கார்புரேட்டர். அதில் ஆக்சிலரேட்டர் பம்பே கிடையாது. நாள் முழுக்க மிதித்தாலும் ஒரு சொட்டு கூடுதலாக இறங்காது. இதுகூடத் தெரியாதவருக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று இவர் அன்றிரவு தூங்கவில்லை.

எஸ்.யு.வின் அடியில் ஆறு பட்டை நட் ஒன்று உண்டு. கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். ஒரு தடவைக்கு ஒரு பட்டைதான் திருப்ப வேண்டும், அதுவும் எஞ்சின் சூடான பிறகு. பிறகு கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை நகத்தளவு தூக்கிக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். வேகம் கூடிக்கொண்டே போனால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் நின்றுபோனால் குறைவு. லேசாகக் கூடி அடங்கினால் சரி. இதெல்லாம் நியாயமான முறைதான். ஆனால் தெருவில் மற்றவர்களுக்கும் காது இருக்கிறது.

எஞ்சினை அணைத்துவிட்டு பிளக்கைக் கழற்றுவார். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, காபி நிறமென்றால் கச்சிதம். ஒருநாள் மனைவி கொடுத்த காபியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பிளக் கலர் வந்துடுச்சு" என்று மனமாரப் பாராட்டினார். அந்த அம்மாள் இன்னும் மன்னிக்கவில்லை.

கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போவதென்றால் குடும்பமே நடுங்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிசு. இங்கே சரியாக வைத்த மிக்ஸ்சர் கீழே அடர்ந்த காற்றில் போதாது. ஆகவே பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் இறங்குவார். ஒரு பட்டை கீழே. திரும்பி ஏறும்போது ஒரு பட்டை மேலே. தாலி கட்டி இவர் குடும்பம் பார்த்ததில்லை, பந்திக்குத்தான் போய்ச் சேர்வார்கள்.

குன்னூரில் இவருக்கு ஒரு சிநேகிதர், ஃபியட் பத்மினிக்காரர், ஆகவே சோலெக்ஸ் கார்புரேட்டர் கட்சி. இருவருக்கும் உள்ளது வடகலை தென்கலை வழக்கு, பேசித் தீராது. "உங்க எஸ்.யு.வைக் கண்டுபிடிச்சவரே செருப்புக் கடைக் குடும்பமாமே?" என்று அவர் சீண்டுவார். உண்மைதான். லண்டனில் காலணி வியாபாரம் செய்த குடும்பத்தில் பிறந்த ஹெர்பர்ட் ஸ்கின்னர் 1900களின் தொடக்கத்தில் உருவாக்கியது அது. முதல் மாதிரிகளில் பிஸ்டனுக்குப் பதில் தோல் துருத்திகூட இருந்தது. நம்மவர் அசர மாட்டார்: "அதனாலதான்யா எத்தனை மிதிச்சாலும் தாங்குது."

மகன் வாங்கிய புதுக் காரில் இவர் ஏறுவதில்லை. பித்தானை அழுத்தியதும் கிளம்புகிறது. சென்சார் புகையை மோப்பம் பிடித்து, கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி மிக்ஸ்சரை மாற்றிக்கொள்கிறது. "யாரைக் கேட்டு மாத்துது?" என்பது இவர் கேள்வி.

இப்போது பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு ஒன்பது பங்கு காற்றே போதும் என்பதால் பழைய செட்டிங்கில் பெட்ரோல் பற்றாமல் போகிறது. குளிரில் ஆவியாகவும் அது அடம்பிடிக்கும். பழைய ரப்பரையும் அரிக்கும். பெட்ரோல் போடும் பையனிடம், அவன் ஏதோ சதி செய்துவிட்டது போல, இவர் கால் மணி நேரம் சண்டை போடுகிறார். வீடு திரும்பும்போது மட்டும் முகம் பிரகாசமாக இருக்கிறது. எல்லாவற்றையும் முதலிலிருந்து டியூன் செய்ய வேண்டுமே!

போன வாரம் மேட்டுப்பாளையத்து மெக்கானிக் வந்து, சோக்கை இழுத்து, ஒரே செல்ஃபில் வண்டியைக் கிளப்பினார். சற்று நேரம் ஓடவிட்டு சோக்கை உள்ளே தள்ளினார். ஐட்லிங் நூல் பிடித்தது போல் நின்றது.

"வண்டி நல்லாத்தானுங்க இருக்குது."

"அதாம்ப்பா எனக்கும் சந்தேகமா இருக்கு," என்று சொல்லி ஸ்பேனரைக் கையில் எடுத்தார்.