ஒரு மாதிரி வினாத்தாள்

வெளியூர்ச் சனம் தொண்டைமானாற்றை இரண்டு விஷயத்தால் அறியும். ஒன்று, சந்நிதி முருகனும் அவரது அன்னதானமும். மற்றது பேப்பர். வடக்கில் உயர்தரம் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் பரீட்சை என்றால் தலை நரைத்த பிறகும் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். ஊருக்குள் ஒருநாளும் கால் வைக்காதவருக்கும் வினாத்தாளின் தலைப்பில் ஊரின் பெயர் பாடம்.

அந்தத் துணிச்சலில் நானும் ஒரு பேப்பர் தயாரித்திருக்கிறேன். நிலையத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாடம்: உள்ளூராட்சி. நேரம்: அரசாங்கம் நினைக்கும் வரை. பரீட்சார்த்தி: எங்கள் ஊர்ச் சமூக செயற்பாட்டாளர். அண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளை உங்களுக்குத் தெரியும், உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். சனசமூக நிலையத்துப் பத்திரிகைக்குத் தன் பொக்கற்றால் காசு கட்டுபவர். செத்தவீட்டுக்குக் கதிரை இறக்குபவர். ஐப்பசி பிறக்க முதல் மண்வெட்டியோடு மதகடியில் நிற்பவர். தெருவிளக்கு எரியவில்லை என்று கடிதம் எழுதி, அதற்குப் பிரதி எடுத்து, பிரதிக்கும் ஒரு பிரதி வைத்திருப்பவர். கடிதங்கள் ஒரு கோப்பு நிறைந்தபோது அவருக்குப் புத்தி கெட்டது. "வெளியில நிண்டு எழுதுறதுக்கு, நானே உள்ளுக்குப் போனால் என்ன?"

எங்கள் பக்கத்தில் தேர்தலில் 'நிற்பது' குறைவு. 'எலெக்சன் கேட்பது'தான் வழக்கு. சொல்லில் பிழையில்லை. கேட்பது அண்ணையின் வேலை. கொடுப்பதும் மறிப்பதும் வேறு ஆட்களின் வேலை.

வினா 1, கணிதம். கட்சி வேட்பாளர் ஒருவருக்குக் கட்டுப்பணம் 1,500 ரூபா. சுயேச்சைக்குழு வேட்பாளர் ஒருவருக்கு 5,000 ரூபா. கட்சிக்கு அடிபணியாமல் இருப்பதன் விலையைத் தலைக்கு எவ்வளவு எனக் கணிக்க.

சுயேச்சை என்றவுடன் தனி ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளூராட்சித் தேர்தலில் தனி ஆளுக்கு இடமில்லை. சபைக்குரிய பட்டியல் முழுவதையும் நிரப்ப வேண்டும். ஒரு மதகைத் துப்புரவாக்க ஆசைப்பட்டவர் முதலில் ஒரு குட்டிக் கட்சி கட்ட வேண்டும். அண்ணை வீடு வீடாக ஆள் பிடித்தார். கட்சிக்காரரும் பிடித்தார்கள். 25 வீதம் பெண்கள் வேண்டும் என்று சட்டம் சொல்லியிருந்ததால் படலைக்குப் படலை அவர்களின் குரல் தேனாக வடிந்தது. "தங்கச்சி, பேரை மட்டும் தாங்கோ. நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை." அவர்கள் கொடுத்த வாக்குறுதிகளில் நிறைவேறியது அது ஒன்றுதான். மாதர் சங்கத்தில் இருபது வருடம் கணக்குப் பார்த்த பெண்ணைச் சபைக்குக் கொண்டுபோய், கை உயர்த்தச் சொன்னபோது மட்டும் கை உயர்த்த வைத்தார்கள்.

வினா 2, மொழி. வாக்குச்சீட்டில் உங்கள் பெயரைக் கண்டுபிடித்து அடிக்கோடிடுக.

கண்டுபிடிக்க முடியாது. 2018 இல் வட்டாரமுறை வந்தபோது, இனி உங்கள் வட்டாரத்துக்கு உங்கள் ஆள் என்று மேளம் அடித்தார்கள். சீட்டை விரித்தால் ஆளைக் காணோம், கட்சியின் பெயரும் சின்னமும்தான் இருக்கிறது. 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். வட்டாரத்தில் சனம் வேண்டாம் என்று தள்ளிய ஆளையே பட்டியலால் தூக்கிவந்து சபையில் இருத்தவும் வழியுண்டு. முன்கதவால் துரத்தினால் குசினிக் கதவால் வருவது பூனை மட்டும் என்று நினைத்திருந்தோம்.

வினா 3, சுகாதாரம். நகரத்தில் குப்பை போடுபவரைப் பிடிக்க முயல்பவருக்கு என்ன நடக்கும்?

2021 ஏப்ரலில் யாழ்ப்பாண மாநகர மேயர் மணிவண்ணன் ஐந்து பேரைச் சீருடையோடு இதற்கென்று இறக்கினார். சீருடையின் நிறம் புலிகளின் காவல்துறையை நினைவூட்டுகிறதாம். குப்பைக்காரரை ஐந்து பேர் பிடிக்க முதல், மேயரைப் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவு பிடித்தது. பிணையில் வந்தார். குப்பைக்குப் பிணை தேவைப்படவில்லை, அது கிடந்த இடத்திலேயே கிடந்தது.

வினா 4, வரலாறு. கீழ்க்காணும் திகதிகளைப் பொருத்துக.

2023 ஜனவரி 18 முதல் 21 வரை வேட்புமனு. நாடு முழுவதும் 80,000க்கு மேற்பட்டவர்கள் கேட்டார்கள், அண்ணையும் கேட்டார். மார்ச் 9 வாக்களிப்பு என்றார்கள். பிறகு காசில்லை என்றார்கள். தேர்தலுக்கு 1,000 கோடி ரூபா வேண்டுமாம், திறைசேரி காலியாம். பெப்ரவரி 4 அன்று 75ஆவது சுதந்திர தினத்தைச் சுமார் 20 கோடியில் கொண்டாட மட்டும் சில்லறை அகப்பட்டது. அதே மாதம் நாடாளுமன்றத்தில் எழுந்த அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, ஒத்திவைப்பதற்கு அப்படியொரு தேர்தலே இல்லை என்றார். தேர்தலைக் கேட்டுக் கொழும்பில் ஊர்வலம் போனவர்கள் மீது கண்ணீர்ப்புகையும் தண்ணீரும் அடித்தார்கள். அதில் காயப்பட்ட நிவித்திகல வேட்பாளர் ஒருவர் உயிர்விட்டார். இல்லாத தேர்தலுக்கு ஒரு பிணம் மட்டும் இருந்தது.

மார்ச் 9, ஏப்ரல் 25 ஆனது. ஏப்ரல் 25, ஒன்றுமில்லாமல் போனது. வேட்புமனுக் கொடுத்த அரச ஊழியர்கள் வேலைக்கும் போக முடியாமல், வேட்பாளராகவும் இல்லாமல், மாதக்கணக்கில் சம்பளமின்றி அந்தரத்தில் தொங்கினார்கள். 2024 ஓகஸ்ட் 22 அன்று உயர்நீதிமன்றம், நிதியமைச்சராக இருந்த ஜனாதிபதியும் தேர்தல் ஆணைக்குழுவும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. தண்டனை என்ன? தீர்ப்புத்தான்.

இதே வினாவின் இரண்டாம் பகுதியைச் சிரித்துக்கொண்டு எழுத என்னால் முடியவில்லை. 1998 இல் யாழ்ப்பாண மேயரான சரோஜினி யோகேஸ்வரன் மே 17 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் அந்தக் கதிரையில் இருந்த பொன். சிவபாலன் செப்டெம்பர் 11 அன்று, கூட்டத்தில் இருக்கும்போதே குண்டுக்குப் பலியானார். நாலு மாதத்துக்குள் இரண்டு மேயர்கள். உள்ளூராட்சிக் கதிரை எங்கள் மண்ணில் அப்படி விலை கொடுத்து வாங்கியது. அதைத்தான் காசில்லை என்று ஒரு வரியில் மூடி வைத்தார்கள். அதைத்தான் எங்கள் கட்சிகள் ஆளுக்கு ஒரு துண்டாகப் பிய்த்து, வரவுசெலவுத் திட்டத்துக்கு வரவுசெலவுத் திட்டம் தவிசாளரைக் கவிழ்த்து விளையாடின.

வினா 5, சட்டம். 2025 மே 6 தேர்தலுக்காக, பழைய வேட்புமனுக்களைச் சட்டம் போட்டு இரத்துச் செய்து புதிதாகக் கேட்டார்கள். அண்ணை மறுபடியும் கடன்பட்டுக் கட்டுப்பணம் கட்டினார். பட்டியலில் இளைஞர்களும் வேண்டும் என்றார்கள், சேர்த்தார். இளைஞர் ஒருவரின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியில் இருந்த அத்தாட்சி சரியில்லையாம். பட்டியல் முழுவதும் போயிற்று. பிறந்த பிள்ளை மீசையோடு பக்கத்தில் நிற்கிறது, பிறந்ததற்குச் சான்று போதாது. அந்த மார்ச்சில் பல பட்டியல்கள் இப்படிச் செத்தன. மேன்முறையீட்டு நீதிமன்றம் பிறகு சிலவற்றை எழுப்பிவிட்டது. ஆனால் நீதிமன்றம் கொழும்பில் இருக்கிறது, அண்ணை தொண்டைமானாற்றில் இருக்கிறார். இரண்டு தேர்தல் கேட்டு, ஒன்றில்கூட அவரைத் தோற்க விடவில்லை.

வினா 6, வாக்காளருக்குரியது. ஒளிக்காமல் விடை தருக.

2023 இல் அண்ணையோடு நானும் சில ஒழுங்கைகளுக்குப் போனேன். எல்லா வீட்டிலும் தேத்தண்ணி. எல்லா வீட்டிலும் "அண்ணையைப்போல மனுசன் கிடையாது." படலை சாத்திய பிறகு வேலிக்கு மேலால் வந்தது மிச்சம். "நல்ல மனுசன்தான், ஆனால் வெல்லமாட்டார், போட்டு என்ன பிரியோசனம்?" இன்னொரு வளவில் குரல் இன்னும் தணிந்தது. "ஆள் எந்தப் பகுதி?" யாழ்ப்பாணத்தில் பகுதி என்றால் நிலப்பகுதி அல்ல, சாதி. மதகில் அடைத்த தண்ணீர் எந்தப் பகுதி என்று கேட்டு வீட்டுக்குள் வருவதில்லை.

சந்நிதியில் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரம் இல்லை, பூசை உண்டு. எங்கள் சபைகளில் மறுவளம். மந்திரம் மணிக்கணக்கில் நடக்கும், பூசைதான் இல்லை. 2023 மார்ச் முதல் 2025 ஜூன் வரை நாட்டின் ஏறக்குறைய எல்லாச் சபைகளிலும் உறுப்பினரே இல்லை, செயலாளர்களும் ஆணையாளர்களும் நடத்தினார்கள். எங்கள் ஒழுங்கையில் எவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். சிரிக்கிற விஷயமா அது? இல்லாமற் போனாலும் தெரியாத அளவுக்கு ஒரு சபையைச் சாகடித்தவர்கள், அதன் திவசத்துக்கும் வாக்குக் கேட்டு வருகிறார்கள், நாங்கள் கதிரை எடுத்துப் போடுகிறோம்.

கடைசி, செய்முறைப் பரீட்சை. 2025 ஐப்பசி, மதகடி. அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் நிற்கிறார். சொப்பிங் பாக், யோகட் கோப்பை, சோடாப் போத்தல், பிள்ளைகளின் பம்பஸ். ஒவ்வொன்றாகக் கரையில் குவிகிறது. அடியில் பெரிதாக ஒன்று சிக்கியிருந்தது. இழுத்தால் வரவில்லை. மண்வெட்டியால் நெம்பி எடுத்தார். தேர்தல் பிளெக்ஸ். வேட்பாளரின் முகம் சேற்றுக்குள் இருந்தும் சிரிப்புக் குறையவில்லை. அதைத் தூக்கியதும் 'களக்' என்று தண்ணீர் ஓடத் தொடங்கியது.

மோட்டார் சைக்கிளில் போன தம்பி ஒருவர் காலை ஊன்றி நின்றார்.

"என்ன அண்ணை, எலெக்சன்தான் முடிஞ்சுதே. இன்னும் என்னத்துக்கு?"

அண்ணை நிமிரவில்லை. "மழைக்கு அது தெரியாது தம்பி. இறங்கி இந்த அந்தத்தைப் பிடி."

தம்பிக்கு அவசரம், போய்விட்டார். நானும் இறங்கவில்லை. எனக்குப் பேப்பர் தயாரிக்கிற வேலை இருந்தது.