கேளிக்கைப் பூங்காவுக்குள் போகாதிருத்தல்: கிழக்குக் கடற்கரைச் சாலையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி யுனிவர்சல் கிங்டம், முட்டுக்காட்டில் எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்டு என இரு பெரும் கேளிக்கைப் பூங்காக்கள் உள்ளன. இவற்றின் உள்ளே செய்யத்தக்கவை எவை என்பதைப் பள்ளிச் சுற்றுலா போய்வந்த ஒவ்வொரு பிள்ளையும் வீட்டாரின் தூக்கம் கெட விரித்துரைத்திருப்பதால், அத்துறையில் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. உள்ளே போகாதவர் பொழுதை எப்படிக் கழிப்பது என்னும் துறையிலோ இன்னும் யாரும் கைவைக்கவில்லை. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. போகாதவர் வகை

உள்ளே போகாதவர் மூவகைப்படுவர். முதலாமவர் தலைசுற்றலர், ராட்டினம் சுற்ற, கீழே நிற்கும் இவருக்குத் தலை சுற்றும். இரண்டாமவர் கணக்கர்; நுழைவுச்சீட்டின் விலையை ஆள் எண்ணிக்கையால் மனத்துக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, “நீங்கள்லாம் போயிட்டு வாங்க, எனக்கு இதுல அவ்வளவா இஷ்டமில்ல” என்பார். மூன்றாமவர் பை காப்பாளர். குடும்பத்தின் செருப்புகள், மாற்றுத்துணி, கைப்பேசிகள், புளியோதரைத் தூக்கு ஆகியன இவர் மடியில் இருக்கும். பெரும்பாலும் பெரியப்பாவாகவோ, மருமகனிடம் மறுத்துப் பேசத் தெரியாத மாமனாராகவோ இருப்பார். மூவரும் வாசலிலேயே ஆறு மணி நேரம் உட்கார்ந்து மாங்காய்ப் பத்தை தின்பது மரபு. அம்மரபை மாற்றலாம் என்பதே நம் துணிபு.

3. கருதுகோள்

மதிலுக்கு உள்ளே இருப்பவை ஓயாமல் அசையும், எங்கும் போகா. மதிலுக்கு வெளியே இருப்பவை அசையா, நெடுந்தூரம் வந்தவை.

முதல் பாதிக்குச் சான்று தேட வேண்டியதில்லை. ரோலர் கோஸ்டர் வயிற்றைத் தொண்டைவரை கொண்டுவந்துவிட்டு, ஏறிய மேடையிலேயே இறக்கிவிடும். ‘கொலம்பஸ்’ என்று பெயர் தாங்கி ஆடும் கப்பல் கடலுக்கு இத்தனை அருகில் நின்றும் ஒரு தீவைக்கூடக் கண்டுபிடித்ததில்லை. அலைக்குளத்தின் நிலை இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. கிழக்கே வங்காள விரிகுடா முழுதும் கட்டணமின்றிக் கிடக்க, மேற்கே இயந்திரம் வைத்து அலை அடிக்கிறார்கள். கூட்டம் இயந்திரத்தின் பக்கமே. காரணம் என்னை எனின், குளத்து அலை மணியடித்துவிட்டு வரும். கடலுக்கு அந்த நாகரிகம் கிடையாது. (இப்பகுதிக் கடலில் இழுப்பு அதிகம். காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்க என்பது ஆய்வுக்கு உட்படாத விதி.)

4. தரவுகள்

4.1 வந்த வீடுகள். எம்ஜிஎம்முக்குப் பக்கத்திலேயே தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் முன்னின்று உருவாக்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளையினர் 1996-இல் பத்து ஏக்கர் பரப்பில் திறந்தது. தென்னாட்டு வீடுகள் இங்கே தெருவாக நிற்கின்றன. சில, பழைய வீட்டையே பிரித்து எடுத்துவந்து பொருத்தியவை. சில, மூலத்தைப் பார்த்து எழுப்பியவை. கோட்டயத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் மர வீடு, செட்டிநாட்டு வணிகர் வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு எல்லாம் கூப்பிடு தூரத்தில். மலை இறங்கி வந்த கேரள வீடு ஓர் அங்குலமும் அசையாமல் நிற்க, அடுத்த வளாகத்தில் மணிக்கணக்காகச் சுழலும் ராட்டினம் முட்டுக்காட்டு எல்லையைத் தாண்டவில்லை. பை காப்பாளருக்கு இங்கே சிறப்புச் சலுகையும் உண்டு: திண்ணை. ஆனால் பெரியம்மாக்கள் திண்ணையில் அமர்ந்தால் எழுந்திருப்பது அரிது என்பதைக் களப்பணியாளர் கருத்தில் கொள்க.

4.2 வந்த ஓவியர்கள். விஜிபிக்கு அக்கம்பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமம். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் உருவானது. ஓவியத்தை நம்பி நிலம் வாங்க முடியாது என்பதை அறிந்திருந்த ஓவியர்கள், பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று அந்தக் காசில் மணற்காட்டை வாங்கினர். விற்பதைச் செய்து, விரும்பியதை வரைந்தனர். அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு படத்தின் முன் எவ்வளவு நேரமும் நிற்கலாம். ‘அடுத்த ரவுண்டு, இறங்குங்க’ என்று யாரும் விசில் ஊதமாட்டார்கள்.

4.3 வந்த முதலைகள். வடநெம்மேலியில் சென்னை முதலைப் பண்ணை. ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976-இல் தொடங்கியது. அருகிவந்த இந்திய முதலைகளைப் பெருக்குவது நோக்கம். பெருகியது எவ்வளவு என்பதை முதல் தொட்டியின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தால் தெரியும்: முதலைமேல் முதலை, அதன் வால்மேல் இன்னொன்றின் தாடை, நடுவே பயமின்றி ஒரு கொக்கு. வாயை அகலத் திறந்தபடி கிடப்பவை கோபத்தில் இல்லை, உடற்சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. சுவரோரம் நாள்தோறும் நிகழும் உரையாடல் இது:

“தாத்தா, இது பொம்மையா?”

“இல்லடா, நிஜம்.”

“அப்ப ஏன் அசையல?”

“அதுக்கு என்ன அவசரம்?”

தாத்தாவின் விடை அறிவியலுக்கு முரணன்று. உண்ணாமல் மாதக்கணக்கில் இருக்க வல்ல உயிருக்கு அவசரம் இல்லை என்பது துணிந்த முடிபு. பொம்மையோ எனச் சோதிக்கக் கல்லெறிவோரும் உளர். எறியாதீர் என்று பலகையில் எழுதிவைத்திருப்பதே அதற்குச் சான்று.

அதே வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978 முதல். வாயில் துணி கட்டிய மண்பானைகளுக்குள் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகை. பானையிலிருந்து கொக்கியால் எடுத்த பாம்பை இருளர் ஒருவர் கழுத்தருகே பிடித்து, கண்ணாடிக் குவளையின் மேல் இழுத்துக்கட்டிய சவ்வைக் கடிக்கவிடுவார். உட்புறம் மஞ்சளாய் ஒரு சொட்டு வழியும். கூட்டத்தில் மூச்சுச் சத்தம் கேட்காது. அந்தச் சொட்டுதான் நஞ்சுமுறி மருந்துக்கு மூலப்பொருள். சில வாரம் கழித்து, வயிற்றுச் செதிலில் அடையாள வெட்டு இட்டு, பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். பூங்காவுக்குள் மணிக்கட்டில் நமக்குக் கட்டிவிடும் காகிதப் பட்டைக்கும் அந்த வெட்டுக்கும் நோக்கம் ஒன்றே: இவர் ஏற்கெனவே செலுத்திவிட்டார்.

4.4 சுற்றும் பயன். ‘வெளியேயும் சுற்றுகிறவர் உண்டே?’ எனின், உண்டு. திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயில். காலவ முனிவரின் 360 பெண்களை நாளுக்கு ஒருவராக வராகப் பெருமாள் மணந்தார் என்பது தலவரலாறு. திருமணம் கூடாதவர் இரண்டு மாலையோடு வந்து, சாத்தியதில் ஒன்றைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு பிராகாரத்தை ஒன்பது முறை சுற்றுவர். கல்யாணம் முடிந்ததும் அந்தக் காய்ந்த மாலையோடு இணையராக வருவர். ராட்டினத்திலும் ஏறத்தாழ அத்தனை சுற்றுத்தான். ஆனால் இறங்கியபின் வாந்திக்கு இடம் தேடுவதும், மண்டபத்துக்கு முன்பணம் தேடுவதும் ஒன்றல்ல. இதனால் கருதுகோள் கெடாது. வெளியே சுற்றினால் வேறிடம் சேரலாம் எனத் திருத்தமே பெறும்.

4.5 பயனுள்ள அலை. சாளுவன்குப்பத்தில் புலிக்குகைக்கு அருகே, 2004 சுனாமி மணலை அரித்ததில் பாறையில் கல்வெட்டு தெரிந்தது. அதைப் பற்றிக்கொண்டு 2005-இல் தொல்லியல் துறையினர் தோண்ட, பழைய முருகன் கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது. ஊர்களை அழித்த அலை போகிற போக்கில் ஒரு கோயிலைக் காட்டிச்சென்றது. அலைக்குளத்து அலை இதுவரை வெளிக்கொணர்ந்தவை ஒற்றைச் செருப்புகளும் தலைமுடி கிளிப்புகளுமே.

5. மறுப்பும் விடையும்

‘விஜிபிக்குள்ளேயே அசையாமல் நிற்கும் சிலை மனிதர் இருக்கிறாரே, உம் கருதுகோள் என்னாவது?’ என்பர் எதிர்வாதி. சீருடையும் மீசையுமாக நிற்கும் அவர்முன் கோமாளித்தனம் செய்யாத மாமாக்கள் தமிழ்நாட்டில் குறைவு. அவர் சிரித்ததாகச் சொல்வாரைக் காண்பது அதனினும் குறைவு. ஆனால் எதிர்வாதி ஒன்றைக் கவனிக்கவில்லை. அத்தனை ராட்டினங்களின் பெயரும் மறந்து, ஒரு தலைமுறையே அந்தப் பூங்காவை நினைவில் வைத்திருப்பது அசையாத அந்த ஒருவரால்தான். எனவே மறுப்பு நமக்கே சான்றாயிற்று என்க.

6. பரிந்துரைகள்

அ) திங்கட்கிழமை முதலைகளுக்கு விடுமுறை, செவ்வாய்க்கிழமை தட்சிணசித்ராவின் வீடுகளுக்கு விடுமுறை. இரண்டையும் ஒரே நாளில் பார்க்க விரும்புவோர் புதன் முதல் ஞாயிறுக்குள் போகாதிருக்கவும். அதாவது, பூங்காவுக்குள் போகாதிருக்கவும்.

ஆ) பை காப்பாளரிடம் பையோடு வண்டிச் சாவியையும், அவருக்கு எடுத்திருக்க வேண்டிய நுழைவுச்சீட்டின் காசையும் கொடுத்துவிடுக. அந்தக் காசில் மேற்கண்டவற்றில் ஒன்றிரண்டைப் பார்த்து, கோவளத்தில் பொரித்த மீனும் தின்று, நுங்கும் வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

இ) திரும்பியவர் தாம் கண்டவற்றை வீடு சேரும்வரை சொல்லலாகாது. சொன்னால் அடுத்த முறை குடும்பம் முழுவதும் வெளியே வந்துவிடும். பையை யார் வைத்திருப்பது என்னும் வழக்கு தட்சிணசித்ரா வாசலில் முதலிலிருந்து தொடங்கும். அது தனி ஆய்வுக்கு உரியது.