இரும்பு தூக்கக் கட்டணம்

அமெரிக்காவில் என் மகன் மாதாமாதம் பணம் கட்டி இரும்பு தூக்குகிறான். காரிலிருந்து அரிசி மூட்டையை இறக்கச் சொன்னால் முதுகைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை. அவன் போகும் ஜிம் ஒரு நூலகத்துக்குள் இருக்கிறது. பிட்ஸ்பர்க்கை ஒட்டிய மன்ஹால் என்ற ஊரில், ஆண்ட்ரூ கார்னகி 1898-ல் ஹோம்ஸ்டெட் உருக்காலைத் தொழிலாளிகளுக்காகத் திறந்துவைத்த நூலகம் அது. புத்தகமும் உண்டு, இசை அரங்கமும் உண்டு, நீச்சல் குளமும் உண்டு. உழைத்துக் களைத்தவன் வந்து நீந்திப் படித்துப் பாட்டுக் கேட்டு முன்னேறட்டும் என்ற நல்லெண்ணம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் குப்பை கொட்டியவன். யார் எத்தனை மணிக்குச் சங்கு ஊதியபின் நுழைந்தான், யாருக்கு எவ்வளவு ஓவர்டைம் என்பதுதான் என் இலக்கியம். அதனால் இந்த நூலகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி, எத்தனை புத்தகம் என்பதல்ல. ஆலையில் ஷிப்ட் எத்தனை மணி நேரம்?

பன்னிரண்டு. பகல் ஒரு செட், இரவு ஒரு செட், பலருக்கு வாரம் ஏழு நாளும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பகல்காரர் இரவுக்கும் இரவுக்காரர் பகலுக்கும் மாற வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு செட் இருபத்துநான்கு மணி நேரம் ஒரே மூச்சில் உலைமுன் நிற்கும். மூன்று ஷிப்ட் போட வேண்டிய இடத்தை இரண்டில் ஓட்டினால் முதலாளிக்கு எவ்வளவு மிச்சம் என்று என்னைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

கார்னகியைச் சும்மா திட்டவும் மனம் வரவில்லை. ஸ்காட்லாந்திலிருந்து 1848-ல் பெற்றோருடன் பிழைக்க வந்த பையன்; பஞ்சாலையில் வாரம் 1.20 டாலருக்கு நூற்கண்டு எடுத்துப்போட்டவர். ஆண்டர்சன் என்ற கர்னல் சனிக்கிழமைகளில் தன் புத்தக அலமாரியை வேலைக்காரப் பையன்களுக்குத் திறந்துவிட்டார். அந்த நன்றியை மறக்காமல் கார்னகி உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். ஆள்களுக்குச் சனிக்கிழமையைக் கொடுப்பதுதான் விட்டுப்போயிற்று. பக்கத்து ஊர் பிராடக்கில் அவருடைய இன்னொரு ஆலை எட்டு மணி நேர ஷிப்டில் ஓடிக்கொண்டிருந்தது. 1888-ல் கதவடைப்பு நடத்தி, அதைப் பன்னிரண்டாக்கினார்கள். மறு வருஷமே அங்கே நூலகம் திறந்தாயிற்று. அமெரிக்காவில் அவர் கட்டிய முதல் நூலகம் அதுதான்.

ஹோம்ஸ்டெட்டில் விஷயம் துப்பாக்கிவரை போனது. 1892-ல் தொழிற்சங்கத்தை ஒழித்துக்கட்டுவது என்று கார்னகியின் மேலாளர் ஃப்ரிக் முடிவெடுத்தார்; ஜூலை 6 விடியலில் பிங்கர்ட்டன் என்ற கூலிக்காவல் நிறுவனத்தின் 300 ஆள்களைப் படகுகளில் ஏற்றி மோனங்காஹீலா ஆற்றுவழியே வரவழைத்தார். கரையில் ஊரே திரண்டு நின்றது. தொழிலாளிகள் ஏழு பேரும் பிங்கர்ட்டன் ஆள்கள் மூன்று பேரும் செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிறகு மாநிலப் படை வந்தது, சங்கம் போயிற்று. முதலாளி அப்போது ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார்.

ஆலை 1986-ல் மூடப்பட்டது. இப்போது அந்த ஆற்றங்கரையில் சினிமா தியேட்டர், துணிக்கடை, ஹோட்டல், கண்ணுக்கெட்டியவரை கார் நிறுத்துமிடம். பன்னிரண்டு செங்கல் புகைபோக்கிகளை மட்டும் அழகுக்கு விட்டுவைத்திருக்கிறார்கள். மகன் பளு தூக்கி முடிக்கும்வரை நானும் மனைவியும் இங்கேதான் நடக்கிறோம். அமெரிக்காவில் கைவீசி நடப்பதற்குக்கூட காரில்தான் வர வேண்டியிருக்கிறது.

மார்கரெட் பைங்டன் என்ற பெண்மணி ஹோம்ஸ்டெட்டில் 90 குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுத்து 1910-ல் புத்தகமாகப் போட்டார். அதைத்தான் கார்னகி தந்த நூலகத்தில் உட்கார்ந்து புரட்டினேன். சாதாரணக் கூலிக்கு மணிக்கு பதினாறரை சென்ட். ஸ்லோவாக்கியா, ஹங்கேரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு யார் வீட்டிலாவது ஒண்டிக்கொள்வார்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன் மாதிரிதான், ஆனால் ஒரு வித்தியாசம்: பகல்காரன் எழுந்துபோன கட்டிலில் இரவுக்காரன் வந்து விழுவான். படுக்கை ஆறுவதில்லை. மாதம் மூன்று டாலருக்கு இடம், சமையல், துணி துவைப்பது எல்லாம். சாப்பாட்டுச் சாமான் செலவைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அந்த வீட்டுக்காரிக்கு எத்தனை மணி நேர ஷிப்ட் என்று எந்த டைம் ஆபீஸும் எழுதிவைக்கவில்லை. துவைத்துக் காயப்போட்டால் கரி, எடுத்து மடித்தால் கரி.

கிரிஸ்டல் ஈஸ்ட்மன் என்பவர் எடுத்த கணக்கு இன்னும் சுருக்கமானது. 1906 ஜூலை தொடங்கி ஒரே ஆண்டில், பிட்ஸ்பர்க் அடங்கிய அலெகெனி மாவட்டத்தில் மட்டும் வேலையில் செத்தவர்கள் 526 பேர். குடும்பஸ்தர்களாக இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் வீட்டுக்குக் கிடைத்தது 100 டாலர், அல்லது அதற்கும் குறைவு, அல்லது ஒன்றுமில்லை.

பன்னிரண்டு மணி நேரத்தை இந்த ஆலைகள் கடைசியாகக் கைவிட்டது 1923-ல். அதே வருஷம் மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடிவிட்டார். எட்டு மணி நேரம் கேட்டு 1886-ல் சிகாகோ கிளப்பிய நெருப்பை நாம் அங்கே ஏற்றிக்கொண்டோம். அமெரிக்கா மட்டும் அந்தத் தேதியைத் தெரியாததுபோல் இருந்துகொண்டு, 1894-ல் செப்டம்பர் முதல் திங்களைத் தொழிலாளர் தினமாக வைத்துக்கொண்டது. இதை மகனிடம் சொன்னேன். “எங்களுக்கெல்லாம் டைமிங்கே கிடையாதுப்பா, ஃப்ளெக்ஸிபிள்” என்றான், பெருமையாக. இரவு பதினொரு மணிக்குச் சென்னை ஆபீஸோடு பேசுகிறான், காலை ஏழுக்கு மறுபடி பேசுகிறான். நான் இரண்டு நாள் முயன்றும் அவன் வருகைப் பதிவேட்டை என்னால் போட முடியவில்லை.

செப்டம்பர் முதல் திங்கள் வந்தது. எங்கள் அறைக்கு மெத்தை வாங்கப் போனோம். தொழிலாளர் தினத்தில் மெத்தைக்குத் தள்ளுபடி கொடுப்பது இங்கே சம்பிரதாயம். கடைப் பையன் சிரித்த முகமாக ஒரு கட்டிலைக் காட்டி, ஆளுக்கொரு பக்கம், வேண்டிய அளவு மிருதுவாக்கிக்கொள்ளலாம் என்றான்.

“இன்னைக்கு உனக்கு லீவு இல்லையாப்பா?” என்று என் மனைவி தமிழிலேயே கேட்டாள். மகன் மொழிபெயர்த்தான். வருஷத்திலேயே அதிக வியாபாரம் ஆகும் நாளில் யார் லீவு தருவார்கள் என்று அந்தப் பையன் சிரித்தான்.

அதற்குள் மகனின் போன் அடித்தது. மே 1 அன்று சென்னை ஆபீஸுக்கு லீவு, இவனுக்கு வேலை. இன்று இவனுக்கு லீவு, சென்னைக்கு வேலை. ஆகவே இவனுக்கும் வேலை. காதில் போனுடன் வாசலுக்குப் போனான்.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் சாய்ந்தாள். “அவன் பேசி முடிக்க ஒரு மணி நேரமாவது ஆகும். நீங்களும் அந்தப் பக்கம் படுங்க. இதுக்குக் காசு கேக்க மாட்டாங்கல்ல?”