"அது தானாவே என்கிட்ட வந்தது": கரீபியத் திருக்கையின் பாசம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

உல்லாசக் கப்பலில் கரீபியன் தீவுகளைச் சுற்றுபவர்கள், கடலில் இறங்கிக் கரையேறியதும் ஒரு வாக்கியம் சொல்கிறார்கள். "அத்தனை பேர் இருந்தாங்க, ஆனா அது தானாவே என்கிட்டதான் வந்தது." நீச்சல் தெரிந்தவர், மிதவை அங்கியைக் கழுத்துவரை இறுக்கிக் கட்டிக்கொண்டவர், நாத்திகர், ஆத்திகர் என்ற பேதம் இதில் இல்லை. 'அது' சில சமயம் ஆமை, பல சமயம் திருக்கை. படகில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பேரில் ஒவ்வொருவரிடமும் மட்டுமே அது வந்திருக்கிறது. தர்க்க நூலார் இந்த இடத்தில் கையை விரித்துவிடுவார்கள். கள ஆய்வாளர் அப்படி விட்டுவிட முடியாது.

இக்கூற்று எந்த அளவுக்கு மெய் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வு எல்லை கிராண்ட் கேமன் தீவு. பஹாமாஸைச் சேர்ந்த எக்ஸூமாவில் பன்றிகள் கடலில் நீந்தி வந்து பயணிகளை வரவேற்கின்றன என்பது அறிந்ததே. பன்றியின் பாசம் தனி முனைவர் பட்டத்துக்கு உரியது. அதில் கைவைப்பது முறையாகாது.

களம்

கேமன் தீவுகளை 1503-இல் கண்ட கொலம்பஸ், சுற்றிலும் மொய்த்த ஆமைகளைப் பார்த்து ஆமைத் தீவுகள் என்று பெயர் வைத்தார். அதன்பின் வந்த கப்பல்காரர்கள் அந்த ஆமைகளைத் தின்று தீர்த்தார்கள். 1968-இல் ஆமை வளர்க்கப் பண்ணையே வைக்க வேண்டியதாயிற்று. இன்று ஒரு பயணி ஆமையைச் சந்திக்கும்போது இரு தரப்பிலும் பழைய கணக்கு ஏதோ பாக்கி இருக்கிறது. ஆமை பெரும்பாலும் அதைக் கிளறாமல் கடற்புல்லை மேய்ந்துகொண்டே விலகிப் போகிறது. அதுவும் பாசமாகவே பதிவாகிறது.

கப்பல்கள் தலைநகர் ஜார்ஜ் டவுனுக்கு வெளியே நங்கூரமிடுகின்றன. பெரிய கப்பல் நேரே அணையும் துறை அங்கே கிடையாது. கட்டலாமா என்று 2025 ஏப்ரலில் பொது வாக்கெடுப்பு வைத்துக் கேட்டார்கள். பெரும்பான்மையோர் வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2019-இல் வந்திறங்கிய கப்பல் பயணிகள் 18 லட்சத்துக்கும் மேல். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 71,000. தலைக்கு இருபத்தைந்து விருந்தாளிகள். காலையில் வந்து மாலைக்குள் போய்விடுகிறார்கள் என்பதால்தான் வீடு தாங்குகிறது.

சிறு படகில் கரை, கரையிலிருந்து பேருந்து, அங்கிருந்து இன்னொரு படகு என்று மாறி மாறிப் போனால் நார்த் சவுண்ட் வருகிறது. பவளத்திட்டு வெளியே அலையைத் தடுத்துக்கொண்டு நிற்க, உள்ளே தெளிந்து பரந்த ஆழமற்ற நீர். அதன் நடுவே மணல்திட்டு. கரை எங்கோ கோடாகத் தெரிய, கடலுக்கு நடுவில் இடுப்பளவு நீரில் மனிதர்கள் நிற்கிறார்கள். அவர்களைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் திருக்கைகள் வழுக்கிக்கொண்டு போகின்றன.

பாசத்தின் தொல்வரலாறு

இவை ஏன் இங்கே கூடின? மீனவர்கள் கடலிலிருந்து திரும்பும் வழியில், அலையில்லாத இந்த இடத்தில் படகை நிறுத்தி மீனையும் சங்கையும் சுத்தம் செய்வார்கள். குடலையும் கழிவையும் நீரில் வீசுவார்கள். திருக்கை மோப்பம் பிடித்து வந்தது. நாளடைவில் படகின் எஞ்சின் சத்தமே சாப்பாட்டு அழைப்பானது. 1980-களின் நடுவில் முக்குளிப்பவர்கள் கையாலேயே ஊட்டிப் பார்த்தார்கள். திருக்கை மறுக்கவில்லை. முக்குளிப்போர் படிக்கும் பத்திரிகைகளில் செய்தி வந்தது. பன்னிரண்டு அடி ஆழத்தில் இருந்த அந்த இடத்துக்கு ஸ்டிங்ரே சிட்டி என்று பெயரானது. முக்குளிக்கத் தெரியாதவர்களுக்காக மணல்திட்டும் புகழ்பெற்றது. மீன்குடல் போய் இப்போது கணவாய்த் துண்டு வந்திருக்கிறது. பாசத்தின் தோற்றுவாய் தேடும் எந்த ஆய்வும் இந்தக் கணவாய்த் துண்டைத் தாண்டிப் பின்னே போக இயலாது.

உடற்கூறு தரும் சான்று

"அது என்னை உத்துப் பார்த்தது" என்ற கூற்றை இங்கே பரிசீலிக்க வேண்டும். திருக்கைக்குக் கண்கள் முதுகுப்பக்கம், வாய் அடிப்பக்கம். தான் தின்பது எது என்பதை அது ஒருநாளும் பார்த்ததில்லை. வாய்க்கு எதிரே வந்த கணவாயையும் கட்டைவிரலையும் அது கண்ணால் வேறுபடுத்துவதில்லை. நண்டையும் சிப்பியையும் நொறுக்கும் தட்டையான பல்வரிசை கொண்ட அவ்வாய், உணவை உறிஞ்சி இழுக்கிறது. தவறுதலாகச் சதையில் பதிந்தால் சிவந்த தடம் மிஞ்சும். அத்தடத்தைக் கப்பல் திரும்பியபின் எல்லோரிடமும் காட்டுகிறார்கள்.

எனினும் நேர்மையான ஆய்வு எதிர்ச்சான்றை மறைக்காது. "என் இதயத் துடிப்பை அது உணர்ந்தது" என்று சொல்பவர்களை நகைத்துத் தள்ள முடியவில்லை. திருக்கையின் வாயைச் சுற்றிக் கூழ் நிறைந்த நுண்துளைகள் இருக்கின்றன. 1678-இல் ஸ்டெஃபானோ லோரென்சினி விவரித்ததால் அவர் பெயரையே தாங்குபவை. மணலுக்கடியில் புதைந்துகிடக்கும் உயிரின் தசை எழுப்பும் மிக மெல்லிய மின்புலத்தையும் அவற்றால் உணர முடியும். ஆகவே ஒரு பயணியின் உள்ளத்துடிப்பு திருக்கைக்கு எட்டுகிறது என்பதில் தடையில்லை. அதே துளைகளின் வழியே நண்டின் உள்ளத்துடிப்பும் எட்டுகிறது. அதற்குப்பின் நண்டுக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வந்தது ஆணா பெண்ணா என்ற கேள்விக்கும் விடை உண்டு. மணல்திட்டில் மொய்ப்பவை பெரும்பாலும் பெண் திருக்கைகள். பெண், உடல் அகலத்தில் ஒன்றரை மீட்டர்வரை வளரும். ஆண் அதில் பாதியைக்கூட எட்டுவதில்லை. வாலில் நஞ்சு முள் இரு பாலுக்கும் பொது. மிதித்தால்தான் குத்தும் என்பதால், காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே நடக்கச் சொல்கிறார்கள் வழிகாட்டிகள். புதுமணப்பெண்போல நடந்துவரும் இந்தக் கூட்டத்தைக் கண்டும் திருக்கைகள் சிரிக்காதது, அவற்றின் முகவமைப்பு காரணமாக இருக்கலாம்.

முத்தமும் பொருளாதாரமும்

திருக்கையை முத்தமிட்டால் ஏழாண்டு அதிர்ஷ்டம் என்பது வழிகாட்டிகள் படகுதோறும் ஓதும் வாக்கு. வழிகாட்டி இரு கைகளிலும் ஏந்திக் கொடுக்க, பயணி கண்ணை மூடி உதட்டைக் குவிக்க, படம் எடுப்பவர் "இன்னொரு தடவை" என்பார். நீரைவிட்டு முழுதாக வெளியே தூக்கக் கூடாது என்பது தீவின் விதி. ஆகவே குனிய வேண்டியது பயணிதான்.

இதன் பொருளாதார விளைவுகளை இதுவரை எவரும் ஆராயாதது வியப்பு. கணக்கு வசதிக்காக ஆண்டுக்குப் பத்து லட்சம் முத்தங்கள் என்று வைத்துக்கொள்வோம். 70 லட்சம் ஆண்டு அதிர்ஷ்டம் ஒவ்வோர் ஆண்டும் தீவைவிட்டு வெளியேறுகிறது. கேமன் தீவுகளில் வருமான வரி கிடையாது, நிறுவன வரியும் கிடையாது. உலகத்துப் பணமெல்லாம் வரிக்கு அஞ்சி ஒதுங்கும் இடத்திலிருந்து அதிர்ஷ்டமும் வரி கட்டாமலே போகிறது. உள்ளூர்க்காரருக்கு மிச்சம் இருக்கிறதா என்று ஐயுற இடமுண்டு. துறைமுகம் பற்றிக் கேட்ட அதே 2025 வாக்கெடுப்பில், தேசிய லாட்டரி தொடங்கலாமா என்றும் கேட்டார்கள். திருக்கைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர்களுக்கு லாட்டரி எதற்கு?

நம் சோதிடர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. சனி பிடிப்பது ஏழரை ஆண்டு. முத்தம் காப்பது ஏழாண்டு. ஆறு மாதம் காப்பில்லாமல் நிற்கிறது. இரண்டாம் முத்தம் கொடுத்தால் கூடுதல் ஏழாண்டு சேருமா, அல்லது பழையது காலாவதியாகிப் புதிதாகத் தொடங்குமா என்பதில் வழிகாட்டிகளிடையே ஒருமித்த கருத்து காணப்படவில்லை.

ஒளியியல் குறிப்பு

ஜார்ஜ் டவுன் கரையோரத்திலேயே ஸ்நோர்க்கெல் போட்டு மிதந்து பார்க்கத் திட்டுகள் உண்டு. ஒன்றுக்குச் சீஸ்பர்கர் ரீஃப் என்று பெயர். எதிரே கரையில் பர்கர் கடை இருந்த பாவம். அருகிலேயே அரிசி ஏற்றிவந்து மூழ்கிய கப்பலும் கிடக்கிறது. பசியோடு இறங்க வேண்டாம்.

இங்கே கிளிமீன் பவளத்தைச் சுரண்டும் கரகர சத்தம் நீருக்குள் நன்றாகக் கேட்கும். அது சுரண்டி விழுங்கிய சுண்ணாம்பு பின்வழியே வெண்மணலாக வெளிவருகிறது. கரீபியன் கடற்கரையின் வெண்மணலைக் கையில் அள்ளி முகர்ந்து கவிதை எழுதுவோர் இந்தத் தகவலைத் தாண்டிச் சென்றுவிடலாம்.

முகமூடியின் கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவே காற்று இருப்பதால், ஒளி நீரிலிருந்து காற்றுக்கு மாறும்போது வளைகிறது. பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தெரியும். ஆகவே "இவ்வளவு பெரிசு" என்று கையை விரிப்பவர் பொய்யர் அல்லர். இயற்பியல் அவர் பக்கம். மதியம் கரையில் விரிந்த கை, இரவு உணவு மேசையில் இன்னும் அகல்வதற்கு மட்டும் ஒளியியலில் விளக்கம் கிடைக்கவில்லை. முகமூடி பனிபடியாமலிருக்கக் கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்ப்பது நடைமுறை. உமிழ்நீர், நீர் துளித்துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவச் செய்வதால் அது வேலை செய்கிறது. வீட்டில் கண்ணாடித் தம்ளரில் விரல்பட்டாலே முகம் சுளிப்பவர்கள், இங்கே வாடகை முகமூடியில் துப்பி மகிழ்வதைக் காணலாம்.

பணிநேரம்

இப்பகுதியில் நகைக்க அதிகம் இல்லை. இந்த இனத் திருக்கை இயல்பில் தனித்துத் திரியும், இரவில் பெரும்பரப்பைச் சுற்றி இரை தேடும், பகலில் ஓய்வெடுக்கும். கை ஹார்வி ஆராய்ச்சி நிறுவனமும் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து, திருக்கைகளுக்கு அடையாளக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மணல்திட்டுத் திருக்கைகள் தலைகீழாகிவிட்டன. பகலெல்லாம் நடமாட்டம், இரவில் ஓய்வு, சிறு இடத்துக்குள்ளேயே சுற்றல், தனிமை போய் நெருக்கம், ஒன்றையொன்று கடித்தல். பகலில் அலுவலகம், இரவில் தூக்கம், நெரிசல், சக ஊழியர்மீது எரிச்சல். மனிதர்களிடமிருந்து தப்பி வனவுயிரைப் பார்க்கக் கப்பலேறியவர்கள், அங்கே இன்னோர் அலுவலகத்தைத்தான் சென்று பார்க்கிறார்கள். காட்டுத் திருக்கை நண்டும் புழுவும் தின்னும். மணல்திட்டில் அன்றாடம் கணவாய். வேறு ஆய்வுகள் இரத்தத்தைச் சோதித்து, இங்குள்ளவற்றின் உடல்நிலை பின்தங்கியிருப்பதாகக் கண்டன. தீவின் சட்டம் அவற்றைப் பிடிக்கத் தடை விதித்துக் காக்கிறது. வேலையிலிருந்து காக்கச் சட்டம் இல்லை.

விலக்கு

கணவாய் காட்டாமலே, கூப்பிடாமலே, மெய்யாகவே பயணியைத் தேடி வரும் மீன் ஒன்று இக்கடலில் உண்டு. சீலா. பெரிய சீலா ஒன்று வெள்ளிக்கம்பியாக அசையாமல் மிதந்து, ஸ்நோர்க்கெல்காரர் பின்னாலேயே நெடுநேரம் தொடர்ந்து வருவது வழக்கம். அதற்கு வேண்டியது வேடிக்கை பார்ப்பது மட்டும். மின்னும் மோதிரமோ கடிகாரமோ இருந்தால் இரையோ என்று ஐயம் வரலாம். நம்மைச் சீலா தின்றதைவிட, சீலாவை நாம் தின்று சிகுவடெரா நஞ்சால் படுத்தது இப்பகுதியில் அதிகம். ஆனால் கூலியில்லாமல் ஆர்வத்தால் வந்த இந்த ஒரே உயிரைக் கண்டதும் பயணிகள் ஸ்நோர்க்கெல் குழாயை வாயிலிருந்து துப்பிவிட்டு ஏணிக்குப் பாய்கிறார்கள். அதை முத்தமிட்டால் எத்தனை ஆண்டு என்று எந்த வழிகாட்டியும் அறுதியிடவில்லை.

ஒப்பீட்டுக் குழு

திருக்கையை மட்டும் ஆராய்ந்து முடிவுக்கு வருவது முறையன்று, ஒப்பிட இன்னோர் இனம் வேண்டும் என்று வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒருவர் நிச்சயம் கேட்பார். அதற்கும் ஏற்பாடு உண்டு. மாலை கப்பல் புறப்பட்டதும் உணவுக்கூடத்தில் அதைச் செய்யலாம். ஆய்வுக்குரிய உயிரி இயல்பில் தன் குடும்பத்தோடு ஒதுங்கி வாழ்வது. முன்பின் அறியாத சில ஆயிரம் பேரோடு ஒரே இடத்தில் நெருக்கியடித்து நிற்கிறது. அறிவிப்பு ஒலித்ததும் எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. பகலிரவு பேதமின்றி உண்கிறது. வரிசையில் முந்துபவரை முழங்கையால் இடிக்கிறது. நீள மேசையின் நடுவே பெரிய தட்டில் பொரித்த கணவாய் வளையங்கள் குவித்திருக்கும்; கூட்டம் அங்கேதான் அடர்த்தி. இடுக்கியோடு நின்று பரிமாறும் பணியாளர்களில் ஒருவர்கூட, ஏழாண்டு அதிர்ஷ்டத்துக்காகவேனும், எந்தப் பயணியையும் முத்தமிட முன்வருவதில்லை.